மேடையக்காவின் முதல் கேள்வி

எனக்குப் பேச்சு கேட்கிற பழக்கம் கிடையாது. பழைய விளக்கு விற்கிறவனுக்கு அது எதற்கு? நான் பேசுகிற பேச்சையே தாங்க முடியவில்லை என்று வீட்டில் மனைவி காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் என் தலையெழுத்து, வருஷா வருஷம் அந்தக் கலைப்பொருள் சந்தையில் எனக்கு ஒதுக்குகிற இடம் பேச்சரங்கத்தை ஒட்டித்தான் இருக்கும். நடுவில் ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் என் கண்ணாடிக் கூண்டுகள் அதிரும். போதாக்குறைக்கு, உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று கேட்கட்டும் என்று என் தலைக்கு மேலேயே ஓர் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டார்கள். அதன் வயரைப் பிடுங்கிப் போடுவேன் என்று நான் மிரட்டாத வருஷம் இல்லை.

சந்தை நடக்கிற இடம் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்த பணிமனை. தகரக் கூரை, இரும்புத் தூண்கள், தரையில் இன்னும் பிடுங்காத தண்டவாளம். மேசை நாற்காலிக்காரர்கள் ஒரு வரிசை, ஓவியக்காரர்கள் ஒரு வரிசை, அப்புறம் கடிகாரம், பீங்கான், நாணயம், பொம்மை. கடைசி மூலையில் பலகையும் துணியும் வைத்து மறைத்த பேச்சரங்கம். ஒரு மேடை, மடக்கு நாற்காலிகள், மேடைக்குப் பின்னால் பேச வருகிறவர்கள் காத்திருக்க ஒரு சின்ன அறை. பழைய நாற்காலிக்கு வயது பார்ப்பது எப்படி, போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று யாராவது ஒருவர் ஏறிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அனுமதி இலவசம். இலவசம் என்றால் கேட்கவா வேண்டும், சந்தையைச் சுற்றிக் கால் வலித்தவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் கடையில் ஒரு விளக்கைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மனம் இளகி, வாயைத் திறக்கப்போகிற நேரம் பார்த்து, "இன்னும் சற்று நேரத்தில் அடுத்த பேச்சு தொடங்குகிறது" என்று மேலேயிருந்து ஒரு குரல் வரும். விளக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான் மேடையக்கா.

மேடையக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். பல்லெல்லாம் கொட்டிப்போன கடிகாரக்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நானும் அக்கா என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. கட்டை குட்டையான உருவம், சத்தம் போடாத செருப்பு, கழுத்தில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. நாற்காலி விரிப்பது, தண்ணீர் வைப்பது, பேச வந்தவருக்கு மைக் குத்துவது, மேடையேறி அறிமுகம் செய்வது, கேள்வி நேரத்தில் கை மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடுவது எல்லாம் அவள்தான். மைக்செட்காரர் என்று ஒருவர் உண்டு. அவர் டீ குடிக்கப் போகிற நேரம் தவிர மற்ற நேரங்களில் இருப்பார். ஆனால் அவர் டீ குடிக்காத நேரத்தை நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பு, அதில் வட்டமாக ஓர் ஓட்டை, அந்தப் பக்கம் எந்நேரமும் கூட்டம். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். அந்தக் கவுண்டர் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து கொடுத்தாள். அங்கே உட்கார்ந்து ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன் என்பாள். வருகிறவர்கள் வாயால் கேட்பது ஒன்று, மனதில் இருப்பது இன்னொன்று. எக்ஸ்ரே எடுக்கிற இடம் எங்கே என்று கேட்கிற கிழவருக்கு உண்மையில் தெரியவேண்டியது தன் மனைவி பிழைப்பாளா என்பது. அதை அந்த ஓட்டை வழியாகக் கேட்க முடியுமா? முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வித்தையைத்தான் சந்தையில் இறக்கினாள். பேச்சு முடிந்து, "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்டதும் ஓர் அமைதி விழும் பாருங்கள், மேடையில் நிற்கிறவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. எத்தனை பெரிய மேதாவியானாலும் அந்த நேரத்தில் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி நிற்பார். அக்கா அதைப் பார்த்துச் சகிக்க மாட்டாள். பின்னறையில் அவர்களுக்குக் காலர் மைக் குத்தும்போது, முகத்துக்கு நேரே நின்று மெல்லக் கேட்பாள். கடைசியில் முதல் கேள்வி நான் கேட்பேன், எதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷம்?

முதலில் எல்லாரும் ஏதோ தொழில் விஷயம் சொல்வார்கள். அவள் விடமாட்டாள், குத்திய மைக்கை மறுபடி கழற்றிக் குத்துவாள். அதற்குள் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். நாற்காலிகளைப் பற்றிப் பேச வந்த பேராசிரியர், "இந்த வேலைக்கு நீ லாயக்கில்லைன்னு எங்கப்பா சொன்னாரு, அதைக் கேளுங்க" என்றாராம். பொம்மைக்காரம்மா, பொம்மையின் விலையைக் கேட்காதீர்கள், அது யார் வைத்து விளையாடியது என்று கேளுங்கள் என்றாளாம். நாணயக்காரருக்கு வருஷா வருஷம் ஒரே கேள்விதான். உங்களிடம் இருப்பதிலேயே அரிய நாணயம் எது? அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அதைச் சொல்ல மாட்டேன்" என்பார். சொல்ல மாட்டேன் என்று ஊரறியச் சொல்வதில் அந்த மனிதருக்கு அப்படியொரு ஆனந்தம்.

கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் தெரியாமல் போகுமா? பின்னறையில் கேட்ட அதே வார்த்தை அரங்கத்தில் வரும்போது எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவளை மடக்கினேன். இது ஏமாற்று வேலை இல்லையா என்றேன். சமைக்கும்போது உப்புப் போடுவது ஏமாற்று வேலையா என்று திருப்பிக் கேட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான்.

இந்த வருஷம் நிகழ்ச்சி நிரலை அச்சடித்து எல்லாக் கடைகளுக்கும் கொடுத்தார்கள். நான் அதை விளக்கு பொட்டலம் கட்ட வைத்துக்கொண்டேன். அக்கா வந்து என் கடை முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்காருகிற ஆளே இல்லை. நிரலை என் கையிலிருந்து வாங்கி, ஒரு வரியில் விரலை வைத்தாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு பெண் பேசுகிறாள் என்று போட்டிருந்தது.

"இது என் பொண்ணு அண்ணே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் வெளியூரில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். அன்றைக்கு மாற்றவில்லை. டீ ஆறிப்போகும்வரை சொன்னாள்.

கல்யாணமான சில மாதத்தில் மகள் ஒருநாள் காலையில் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறாள். இனி அங்கே போக மாட்டேன் என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மருமகனுக்குப் போன் போட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். சம்பந்தியம்மாவைக் கேட்டாள். தன் அண்ணனை வரவழைத்துக் கேட்டாள். கீழ்வீட்டுக்காரியிடம்கூட, உனக்கு ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கொஞ்சம் அனுசரித்துப் போ என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளை மட்டும் கேட்கவில்லை.

மகள் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். புருஷன் வீட்டுக்கு இல்லை. வேறு ஊருக்கு. அங்கே ஓர் ஓவியக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, வேலையைக் கற்று, இன்று மேடையேறிப் பேசுகிற அளவுக்கு வந்திருக்கிறாள். நல்ல நாள் கெட்ட நாளுக்குப் போன் வரும். உடம்பு எப்படி இருக்கிறது, மழை பெய்கிறதா, வைக்கட்டுமா. அவ்வளவுதான் பேச்சு. சந்தைக்காரர்களுக்கு இவள் தாய் என்று தெரியாது, தெரியாமல்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் பெண்கள் இருக்கிறார்கள். "ஊர்ல இருக்கறவன் மனசெல்லாம் தெரிஞ்சு கேள்வி கேக்கறீங்களே, உங்களுக்குப் புத்தி எங்கக்கா போச்சு?" என்று கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். மகளுக்குப் போன் போட்டு, நானும் அங்கேதான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். மகள், மற்றவர்களுக்கு என்ன செய்வாயோ அதைச் செய், என் அம்மா என்று யாரிடமும் சொல்லாதே, பேச்சு முடிந்ததும் நான் ரயில் பிடிக்க வேண்டும் என்றாளாம். அக்காவுக்கு இருந்த வாய்ப்பு அந்தக் கொஞ்ச நேரம்தான். பேச்சுக்கு முன்னால் கொஞ்சம், பேச்சுக்குப் பின்னால் கொஞ்சம். அதை விட்டால் மகள் மறுபடி எப்போது இந்த ஊரில் கால் வைப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு அக்கா அலமாரியில் இருந்ததிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாற்காலிகளை ஒருமுறை விரித்துத் துடைத்தவள் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்தாள். நெடுநெடுவென்று, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கையில் ஒரு பை, தோளில் மடித்துப் போட்ட கோட்டு. நடை மட்டும் அச்சு அசல் அக்கா. சந்தைக் காரியதரிசி அவளைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். நான் கறுப்புத் துணியோடு காதை வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். வைக்க வேண்டிய தேவையே இல்லை, தானாகவே விழும்.

அக்கா மைக்கை எடுத்துக்கொண்டு கிட்டே போயிருக்கிறாள். காரியதரிசி எதிரிலேயே மகள், "நீங்க குடுங்க, நானே குத்திக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அக்கா பழக்கத்தை விடாமல், முதல் கேள்வி நான் கேட்பேன், எதைக் கேட்கட்டும் என்றாள். மகள் அவளைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "நீங்க எதுவும் கேக்க வேண்டாம். கேக்கறவங்க கேக்கட்டும், இல்லன்னா பரவாயில்ல."

அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. என் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நீங்கங்கறா அண்ணே" என்றாள்.

பெற்ற தாயை எந்த மகள் நீங்கள் என்று கூப்பிடுவாள்? அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதற்குள் அவள் சமாளித்துக்கொண்டு, நான் கேட்கக் கூடாதென்றால் வேறு யாராவது கேட்டாக வேண்டும், முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டாள். நானாவது, ஓவியமாவது! எதைக் கேட்பது என்றேன். தெரியவில்லையே என்றாள். யார் யார் மனதிலோ இருந்ததையெல்லாம் எடுத்தவளுக்கு, மகளை என்ன கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போது அழுதுவிடுவாளோ என்று பயந்துபோய்ச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பேச்சு தொடங்கியது. அக்கா மேடையேறி மகளை அறிமுகம் செய்தாள். எங்கே பயின்றவர், எந்தெந்தக் கூடத்துக்கு வேலை செய்தவர் என்று அட்டையைப் பார்த்துப் படித்தாள். தான் பெற்று வளர்த்த பெண்ணைப் பற்றி யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்க வேண்டிய நிலைமை. குரல் மட்டும் பிசகவில்லை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் அந்த அரங்கத்துக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மகள் நன்றாகவே பேசினாள். பஞ்சை எச்சிலில் நனைத்து ஓவியத்தின் அழுக்கை எடுப்பார்கள் என்றதும் ஒரு பெண்மணி முகம் சுளித்தார். புகை படிந்து கறுத்துப்போன வானம், ஒரு மூலையில் மட்டும் துடைத்து நீலமாகத் தெரிகிற படத்தைத் திரையில் காட்டினாள். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பிறகு, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றாள். அந்தப் பாழாய்ப்போன அமைதி விழுந்தது.

அக்கா கை மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். நான் எழுந்தேன். யோசித்து வைத்திருந்த கேள்வி என்ன என்பது சுத்தமாக மறந்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டேன். எங்கள் வீட்டில் ஒரு படம் இருந்தது, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று ஒருவன் சொன்னான், தேய்த்தேன், அது சரிதானா என்றேன்.

மகள் என்னை உற்றுப் பார்த்தாள். "அந்தப் படம் இப்ப இருக்கா?" என்று கேட்டாள். படம் இருக்கிறது, அதிலிருந்த பசுமாட்டைத்தான் காணவில்லை என்றேன். நான் உண்மையைத்தான் சொன்னேன். அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு பார்க்க வேண்டுமே, ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். சோப்பு போடலாமா, வெயிலில் வைக்கலாமா, மாமனார் வீட்டுப் படம் பூஞ்சை பிடித்திருக்கிறது, என்ன செய்யலாம். அக்கா ஓடி ஓடி மைக் நீட்டினாள். அவள் முகத்தில் பெருமை வழிந்தது, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள்.

கடைசியாக ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். மோசமாகச் சேதமான ஓவியம் ஒன்று வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

"முதல்ல தொடவே மாட்டேன்" என்றாள் மகள். "எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். அதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம கை வச்சா, இருக்கறதும் போயிடும். நிறையப் படம் பழசானதால கெட்டுப்போகல. அவசரப்பட்டுச் சரிபண்ணப் போனவங்களாலதான் கெட்டுப்போச்சு."

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டியபடி நின்றவள் அக்காதான். மகள் அவளைக் குத்திச் சொன்னாளா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, தொழிலைத்தான் சொன்னாள். ஆனால் அக்கா அதைத் தனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டாள். நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து நின்றாள். கூட்டம் கை தட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அடுத்தது நாணயக்காரரின் பேச்சு. நடுவில் இடைவேளை. கூட்டத்தில் பாதி எழுந்திருக்கவில்லை, நல்ல இடம் போய்விடும் என்று உட்கார்ந்தே இருந்தார்கள். மைக்செட்காரர் வழக்கம்போல் டீக்குப் போனார். நான் என் கடைக்குத் திரும்பினேன். மகள் பின்னறைக்குப் போனதையும், பின்னாலேயே அக்கா தண்ணீர் பாட்டிலோடு போனதையும் பார்த்தேன்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு யார் பேசி முடித்தாலும், மேடையிலிருந்து இறங்கியதும் அக்கா முதல் காரியமாக அவர்கள் இடுப்பிலிருக்கிற மைக் பெட்டியின் பொத்தானை அணைத்து, குத்தியதைக் கழற்றிவிடுவாள். குத்தியவள் அவள் என்பதால் கழற்றுவதும் அவள் பொறுப்பு. அன்றைக்கு மகள் தானே குத்திக்கொண்டதால் அக்கா அதில் கை வைக்கவில்லை. தொடாதே என்று சொன்னவளை எப்படித் தொடுவது? மகளுக்கோ ரயில் அவசரம். மைக்கின் மேலேயே கோட்டைப் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டுவிட்டாள்.

என் தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் பை ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அக்காவின் குரல். மேடைக் குரல் இல்லை, நான் கேட்டேயிராத குரல்.

"அன்னைக்கு என்னடி நடந்துச்சு?"

சந்தையின் அந்த மூலை முழுக்கக் கேட்டது. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கடையில் நின்ற தம்பதி அண்ணாந்து பார்த்தார்கள்.

ஒலிபெருக்கியில் பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மகள்.

"இப்பக் கேக்கறியேம்மா. அன்னைக்கு ஊரையே கேட்டியே, என்னை மட்டும் ஏன் கேக்கல?"

நீ என்றாள். அம்மா என்றாள். அது என் காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

"கேட்டா நீ சொல்லிடுவ" என்றாள் அக்கா. "சொன்னப்பறம் உன்னை அனுப்ப என்னால முடியாது. உங்கப்பாவும் இல்ல, உன்னைக் கூட வச்சுக்கிட்டு நாலு பேருக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு பயந்துட்டேன். அதான் உன் மூஞ்சியப் பாக்காமலே பெட்டிய எடுத்துக் குடுத்தேன்."

மகள் அழுகிற சத்தம் வந்தது. அடக்கி வைத்து, அடக்க முடியாமல் வருகிற அழுகை. அழுகைக்கு நடுவே, "அன்னைக்கு முந்தின நாள் அவரு…" என்று தொடங்கினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ வருஷமாக அந்தப் பெண் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. கால் வலிக்கு உட்கார வந்த கூட்டம் அதைக் கேட்கப்போகிறது. துணியை விலக்கிக்கொண்டு பாய்ந்தேன். மைக்செட் பெட்டிக்குப் பின்னால் கொத்துக் கொத்தாக வயர். எது எதற்கென்று யார் கண்டது? கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். ஒலிபெருக்கி நின்றது. அரங்கத்து விளக்கு அணைந்தது. என் கடையில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அணைந்தன. இருட்டில் என் மனைவி என்னைத் திட்டுவது மட்டும் கேட்டது.

நாணயக்காரர் எழுந்து, என் நேரம் ஆகிவிட்டதே என்று கடிகாரத்தைக் காட்டினார். உட்காருங்கள் ஐயா, உங்கள் காசு ராஜா காலத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கும் என்றேன். காரியதரிசி ஓடிவந்தார். பின்னறைக் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். மின்சாரத்தில் கோளாறு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பினேன். ஒன்று சொல்ல வேண்டும், கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மாமனார் வீட்டுப் பூஞ்சைப் படத்தைப் பற்றிக் கேட்ட அந்த ஆள்கூடத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்துகொண்டிருந்தது. தாழ்ந்த குரல்தான். இடையிடையே அக்காவின் குரல், ஐயோ என்று. கதவு மெலிது, என் காது கூர்மை. என்ன சொன்னாள் என்று என் மனைவி இன்றைக்கும் துருவுகிறாள். நான் அப்போதே நாற்காலியைக் காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்காவின் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நல்ல சேலையின் தோள்பக்கம் ஈரமாக இருந்தது. கையில் காலர் மைக்கை வைத்திருந்தாள். அதன் சின்னப் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருட்டாக இருந்த அரங்கத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"எது வரைக்கும் கேட்டுச்சு?"

நீங்கள் பயந்துபோனதைச் சொன்னீர்களே, அதுவரைக்கும் என்றேன். மகள் சொல்லத் தொடங்கியதுமே வயரைப் பிடுங்கிவிட்டேன் என்றேன்.

அக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "அப்ப சரி. நான் பண்ணினது ஊருக்கே தெரியட்டும், தெரிய வேண்டியதுதான். அவளோடது வெளிய போகாம இருந்துச்சே, அது போதும்" என்றாள்.

நாணயக்காரர் இருமினார். அக்கா மைக்கின் பொத்தானை அணைத்து என் கையில் வைத்தாள். கூடவே அறிமுக அட்டையையும் வைத்தாள். நீங்களே மேடையேறி அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். எனக்குப் பேச்சே ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா, வயர்களையெல்லாம் வேறு குழப்பி வைத்திருக்கிறேன், எது எங்கே என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று நான் படபடத்தேன். பொண்ணுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்றும் சொன்னேன்.

"கோட்டக் கழட்டிட்டா" என்றாள் அக்கா.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மகள் தரையில், சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள்.

"பாதிதான் சொல்லியிருக்கா அண்ணே. நான் மீதியக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.